ஆட்டுக்கொட்டகைக்குள் வான்கோழி அறை: பட்டறையில் செய்து வாங்கிய தடுப்பும் கம்பும்

தாராபுரம் பக்கம் ஆடு வைத்திருப்பவர்கள் வான்கோழியும் வளர்க்க நினைத்தால் முதலில் வரும் கேள்வி, ராத்திரி அதை எங்கே அடைப்பது என்பதுதான். தனியாகக் கொட்டகை போட எல்லாரிடமும் பணம் இருக்காது. இருக்கிற ஆட்டுக்கொட்டகையிலேயே ஒரு பக்கத்தைத் தடுத்து அறையாக்கித் தருகிறோம் என்று சொல்லும் வெல்டிங் பட்டறைகள் இப்போது இந்த வட்டாரத்தில் பல இருக்கின்றன. அப்படி ஒரு பட்டறையில் நாங்கள் செய்து வாங்கிய அறையைப் பற்றித்தான் இது. சித்திரை வெயில், ஆடிக் காற்று, ஐப்பசி மழை மூன்றையும் அது தாங்கிய விதத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பட்டறையின் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அதோடு இங்கே எல்லாப் பட்டறையும் ஏறக்குறைய ஒரே மாடலில்தான் செய்கிறது.

எங்கள் கொட்டகை கிழக்கு மேற்காக நாற்பது அடி நீளம், இருபது அடி அகலம். வெள்ளாடும் கொஞ்சம் மேச்சேரிச் செம்மறியும் இருக்கின்றன. வான்கோழி முப்பது, இருபத்தைந்து பெட்டை, ஐந்து சேவல். இனப்பெருக்கத்துக்கு ஐந்து பெட்டைக்கு ஒரு சேவல் என்பதுதான் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ரகம் நந்தனம் வான்கோழி-1. கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி ஆராய்ச்சி நிலையத்தில் நம் ஊர்க் கறுப்பு வான்கோழியையும் பெல்ட்ஸ்வில் சிறிய வெள்ளை இனத்தையும் கலந்து உருவாக்கியது. நம் வெயிலுக்கு நன்றாகத் தாங்குகிறது. பகலெல்லாம் கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், கொழுக்கட்டைப் புல்லுக்குள் பூச்சி பொறுக்கிக்கொண்டு திரியும். பொழுது சாயும்போதுதான் அறை வேண்டும்.

அறை கொட்டகையின் கிழக்குக் கடைசியில், இருபதுக்கு எட்டு அடி. மொத்தம் 160 சதுர அடி. ராத்திரி மட்டும் அடைப்பதற்கு ஒரு பறவைக்கு மூன்று முதல் நாலு சதுர அடி போதும். மழை நாளில் வெளியே விட முடியாமல் உள்ளேயே வைக்க வேண்டியிருக்கும் என்பதால் ஐந்து அடிக்குக் குறையக் கூடாது என்று கணக்குப் போட்டுத்தான் இந்த அளவைக் கொடுத்தோம். தடுப்பு, ஆள் போகும் கதவு, பறவை போகும் சின்ன வாசல், ராத்திரி பறவை ஏறி அடையும் கம்பு ஸ்டாண்டு, கீழே எச்சம் பிடிக்கும் தகரத் தட்டு எல்லாம் சேர்த்து, மாட்டிக் கொடுத்தது வரைக்கும் 42,000 ரூபாய் ஆனது.

முதலில் தடுப்பு. இதில் பட்டறை செய்த வேலை அருமை, மனமாரச் சொல்கிறேன். கீழே இரண்டு அடிக்குத் தகரம், அதற்கு மேல் இரண்டு இஞ்சு சதுரக் கண் உள்ள 10 கேஜ் தடிமன் வெல்டு மெஷ், அதாவது கம்பி வலை. இந்தக் கண் அளவில்தான் விஷயமே இருக்கிறது. பெரிய கண் என்றால் விலை குறையும், ஆனால் கொம்புள்ள ஆடு தலையை உள்ளே விட்டுவிட்டு எடுக்கத் தெரியாமல் மாட்டிக்கொள்ளும். ராத்திரியில் அப்படி மாட்டினால் விடிவதற்குள் உயிர் போய்விடும். மெல்லிய கம்பி மெஷ்ஷும் ஆகாது. வெள்ளாடு தினமும் முதுகைத் தேய்த்துத் தேய்த்தே அதை வயிறு தள்ள வைத்துவிடும். இவர்கள் போட்ட மெஷ் இன்னும் நேராக நிற்கிறது. ஒரு வெல்டிங் கூட விடவில்லை. வெளிச்சுவர்ப் பக்கம் மட்டும் கீழ்ப் பகுதிக்கு ஒரு இஞ்சுக் கண் மெஷ் கேட்டேன், ஒரு அடி மண்ணுக்குள் புதைத்துக் கட்டச் சொன்னேன். கீரி சின்னச் சந்திலும் நுழையும், மண்ணைத் தோண்டவும் செய்யும். அதையும் சொன்னபடியே செய்து கொடுத்தார்கள்.

தடுப்பின் உயரத்தில்தான் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. அவர்கள் மாடலில் ஐந்து அடிதான். நாட்டுக்கோழிக்கு அடித்த கணக்கு அது. வான்கோழி எடை கூடியது, அது எங்கே பறக்கப் போகிறது என்று நினைக்கிறார்கள். வயது வந்த சேவல் பறக்க யோசிக்கும், சரி. இளம் பெட்டைகள் ஐந்து அடியைச் சாதாரணமாகத் தாண்டும். தாண்டினால் ஆட்டின் தீவனத்தொட்டி மேலேயே போய் உட்காரும், எச்சம் முழுக்கத் தொட்டிக்குள்தான். அதனால் கூரை விட்டம் வரை மெஷ் வேண்டும் என்று உறுதியாக நின்றேன். கூடுதல் மெஷ்ஷுக்கு மட்டும் தனியாகப் பணம் வாங்கினார்கள். நியாயமான விலைதான்.

அடுத்தது கம்பு. இந்த அறையின் உயிரே அதுதான், அதில்தான் கோட்டை விட்டார்கள்.

கோழி மாதிரியே வான்கோழியும் இருட்டு கட்டும் நேரத்தில் உயரம் தேடும். விட்டால் வேப்பமரத்தில் ஏறி அடையும். அது அதன் சுபாவம், தடுக்க முடியாது. உள்ளே உயரமாக உட்கார இடம் கொடுத்தால்தான் மரத்தை மறக்கும். ஆனால் அந்த உயரத்துக்கு ஒரு அளவு வேண்டும். ஏழெட்டுக் கிலோ சேவல் காலையில் நாலைந்து அடியிலிருந்து கெட்டித் தரையில் குதித்தால் உள்ளங்கால் அடிபடும். அந்தக் காயத்தில் சீழ் கோத்துப் பந்தாக வீங்கும். ஒருமுறை வந்தால் லேசில் ஆறாது, சேவல் நொண்டும், நொண்டுகிற சேவல் பெட்டையை மிதிக்காது, முட்டை கருக்கூடாது. ஒன்றரை அடியிலிருந்து இரண்டரை அடிக்குள் இருக்க வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தபோதே சொன்னேன், தாளில் படமும் போட்டுக் கொடுத்தேன்.

வந்து இறங்கியது ஏணி ஸ்டாண்டு. ஒன்றேகால் இஞ்சு உருண்டை ஜிஐ பைப், மூன்று படி, மேல்படி நாலரை அடி உயரத்தில். ஃபிட்டிங் செய்ய வந்த தம்பியிடம் படத்தைக் காட்டினேன்.

“ஏனுங்கக்கா, எல்லாக் கோழியும் இதுலதானுங்க உக்காருது. வான்கோழி மட்டும் உக்காராதுங்களா?”

“உக்காரும் தம்பி. எறங்கறப்பத்தான் காலு போகுது. இன்னிக்குப் பொழுதடைய வரைக்கும் இருந்து பாத்துட்டுப் போ.”

அவரும் சரியென்று இருந்தார். நல்ல பையன், பொறுமையாகவே பார்த்தார். சூரியன் இறங்கியதும் பறவைகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்து, கழுத்தை நீட்டி மேல்படியை அண்ணாந்து பார்த்துவிட்டு ஏறத் தொடங்கின. படி மூன்று இருந்தாலும் எல்லாவற்றுக்கும் மேல்படிதான் வேண்டும். இரண்டு சேவல்கள் அங்கே நெஞ்சோடு நெஞ்சு முட்டித் தள்ளிக்கொண்டன. சேவலின் பாதத்தைக் கிட்டத்தில் பார்த்தால் விஷயம் புரியும். முன்விரல் மூன்றும் நீளமாக, தடிமனாக, அடியில் சதைப்பற்றோடு இருக்கும். அந்த விரல்கள் பைப்பை முழுக்கச் சுற்றி வந்தும் பிடிக்க எதுவும் இல்லாமல் வழுவழுவென்று முன்னால் போயின. நகம் பைப்பில் கீறும் சத்தம் கேட்டது. சேவல் சிறகை அடித்து அடித்து நிலைகொள்ளப் பார்த்தது, கடைசியில் பின்பக்கமாகச் சரிந்து கீழ்ப்படியில் இருந்த பெட்டை மேல் விழுந்தது. விழுந்த வேகத்தில் மொத்தக் கூட்டமும் மிரண்டு ஒரு மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தது. வான்கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. மிரண்டால் மூலையில்தான் குவியும், குவியலுக்கு அடியில் மாட்டியது மூச்சு முட்டிச் சாகும். டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டோம். தம்பியும் கூட நின்று தூக்கினார். எதுவும் சாகவில்லை.

மறுவாரமே ஸ்டாண்டைக் கழற்றிக் கொண்டுபோய் மாற்றிக் கொண்டுவந்தார்கள். இதற்குத் தனிக் காசு வாங்கவில்லை, அதைப் பாராட்ட வேண்டும். இப்போது இருப்பது இப்படி: இரண்டு அடி உயரக் கால்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கவ்வி, அதில் நாலுக்கு இரண்டு இஞ்சு மரச்சட்டம், நாலு இஞ்சு அகலம் மேலே வரும்படி படுக்கையாக. ஓரங்களை இழைத்து மழுக்கச் சொன்னோம். மரம் எங்கள் காட்டு வெள்வேலம், அறுத்துக் காயவைத்திருந்தது கைவசம் இருந்தது. பதினெட்டு அடி நீளத்தில் இரண்டு வரிசை, இரண்டும் ஒரே மட்டம். மட்டம் ஒன்றாக இருந்தால் மேல் இடத்துக்குச் சண்டை கிடையாது. ஒரு பறவைக்கு ஒன்றேகால் அடி இடம் வேண்டும். முப்பதுக்கும் கணக்குப் போட்டால் கொஞ்சம் இடிக்கும். ஆனால் வயசான சேவல் ஒன்று எப்போதும் தரை உமியில்தான் படுக்கிறது, அதனால் சரியாகிவிடுகிறது. சுவருக்கும் முதல் வரிசைக்கும் இரண்டு அடி இடைவெளி விட்டிருக்கிறோம். நெருங்கியிருந்தால் வால் சுவரில் தேய்ந்து இறகு உடையும்.

அகலச் சட்டத்தில் பறவை பாதத்தை விரித்து வைத்து, நெஞ்சை மரத்தின் மேல் இறக்கி உட்காருகிறது. எடையைச் சட்டம் வாங்கிக்கொள்கிறது. நெஞ்செலும்பின் மேல் கொப்புளம் எதுவும் இதுவரை எந்தப் பறவைக்கும் வரவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பிடிக்க வரும் வியாபாரிகள் நெஞ்சைத் தடவிப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள், அதனால் இது பணத்தோடு சேர்ந்த விஷயம். மரத்துக்கு ஒரு தொல்லை உண்டு, மறைக்க முடியாது. சட்டமும் கவ்வியும் சேரும் இடுக்கில் பகலெல்லாம் உண்ணி ஒளிந்திருக்கும், ராத்திரி வெளியே வந்து காலில் ரத்தம் குடிக்கும். பைப்பில் இந்தத் தொல்லை குறைவு. அதனால் சட்டத்தை நிரந்தரமாக போல்ட் போட்டு முறுக்காமல் கவ்வியிலிருந்து தூக்கி எடுக்கும்படி செய்யச் சொன்னேன். எடுத்து வெயிலில் போட்டு, இடுக்குகளில் வேப்பெண்ணெய் தடவித் திரும்ப வைப்பது சின்ன வேலைதான்.

எச்சம் பிடிக்கும் தகரத் தட்டு வேண்டாம். கொடுத்த காசுக்கு மதிப்பில்லாதது இது ஒன்றுதான். இழுத்துக் கொட்டிக் கழுவலாம் என்றார்கள். வான்கோழி எச்சத்தின் ஈரத்துக்கும் அமோனியாவுக்கும் அந்தத் தகரம் ஒரு மழைக்காலம் கூடத் தாங்காமல் ஓரமெல்லாம் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. அதற்குப் பதில் கம்புக்கு அடியில் நெல் உமியை மூன்று நாலு இஞ்சு கனத்துக்குப் போட்டுக் கிளறிவிடுவதே மேல். ஈரமான இடத்தை மட்டும் அள்ளி எருக்குழிக்கு அனுப்பலாம். ஒரு எச்சரிக்கை: அந்த உமியைச் செம்மறி நக்கும் இடத்தில் கொட்டாதீர்கள். கோழித்தீவனத்தில் சேர்க்கும் தாமிரம் எச்சத்திலும் இருக்கும். செம்மறிக்குத் தாமிரம் ஈரலில் சேர்ந்து விஷமாகும், வெள்ளாட்டை விட அதற்குத் தாங்கும் சக்தி குறைவு.

கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆள் போகும் கதவுக்கு இரட்டைத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள், ஒன்று மேலே, ஒன்று கீழே. வெள்ளாடு ஒற்றைத் தாழ்ப்பாளை மூக்கால் தள்ளித் தள்ளியே திறந்துவிடும். வான்கோழியின் தீவனத்தை ஆடு ஒருமுறை வயிறு முட்டத் தின்றால் போதும். தானியம் வயிற்றில் புளித்து, அமிலம் கூடி, உப்பி, விடிவதற்குள் ஆடு படுத்துவிடும். இந்த இரட்டைத் தாழ்ப்பாளுக்காகவே அந்தப் பட்டறைக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லலாம். பறவை போகும் சின்ன வாசல் மேலிருந்து கீழ் இறங்கும் பலகை, கயிற்றில் இழுப்பது. ஆட்டுக்குட்டிகள் பகலில் அதன் வழியாக நுழைந்து தீவனத்தொட்டியைத் தேடிப் போகின்றன, அதனால் பறவைகள் மேயப் போனதும் இறக்கிவிட வேண்டும்.

தீவனம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் வான்கோழித் தீவனம் இல்லை, பிராய்லர் தீவனம் போடுங்கள் என்பார்கள். பிராய்லர் தீவனத்தில் ரத்தக்கழிச்சல் வராமலிருக்கச் சாலினோமைசின் என்ற மருந்தைச் சேர்ப்பது உண்டு. அது கோழிக்கு ஒன்றும் செய்யாது, வான்கோழிக்கு விஷம். பறவை நடக்க முடியாமல் காலை நீட்டிக்கொண்டு விழும். மூட்டையில் என்ன மருந்து சேர்த்திருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

இந்தப் பக்கத்தில் ஆடியில் அடிக்கும் காற்று எல்லாருக்கும் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து தாராபுரம், உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் மண்ணை வாரி இறைக்கும். கிழக்கு மேற்காகப் போட்ட கொட்டகையில் அந்தக் காற்று மேற்கு முகப்பில் நுழைந்து நீளவாக்கில் ஓடும். வெயிலுக்கு அந்த வாக்கில்தான் போட வேண்டும், வேறு வழியில்லை. அறை கிழக்குக் கடைசியில் இருப்பதால் மழைச்சாரல் அடிக்கவில்லை. ஆனால் ஆட்டுப் பக்கத்து மூத்திர நெடியும் புழுதியும் காற்றோடு வான்கோழி அறைக்குத்தான் வருகிறது. தடுப்பின் கீழ்த் தகரம் இரண்டு அடி, கம்பும் இரண்டு அடி. அப்படியென்றால் பறவையின் உடம்பு சரியாகத் தகரம் முடிந்து மெஷ் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. குளிர்காற்று நேராக அதன் முதுகில் அடிக்கும். இதைப் பட்டறையில் யாரும் யோசிக்கவில்லை. அவர்கள் தகரம் அடித்தது ஆடு முட்டாமலிருக்க மட்டும்தான். நாங்கள் இப்போதைக்குச் சாக்கை விரித்து ஒன்றரை அடி உயரத்துக்குக் கட்டியிருக்கிறோம், பறவைகளுக்கு இருந்த நெஞ்சுச் சளி சத்தம் நின்றுவிட்டது. புதிதாகச் செய்பவர்கள் தகரத்தை மூன்றரை அடிக்குக் கேளுங்கள். மேலே மெஷ் போதும், சூடும் நெடியும் அந்த வழியாக வெளியே போகும்.

கடைசியாக, எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த விஷயம். அந்தப் பட்டறை கொடுத்த நோட்டீஸில், ஆடு, நாட்டுக்கோழி, கின்னிக்கோழி, வான்கோழி எல்லாவற்றையும் ஒரே கொட்டகையில் சேர்த்து வளர்க்கலாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஆட்டோடு சேர்க்கலாம், நடுவில் தடுப்பு இருந்தால். கோழியோடு சேர்க்கக் கூடாது. கோழியின் பெருங்குடல் பையில் ஒரு புழு இருக்கும். அந்தப் புழுவின் முட்டைக்குள் ஒரு நுண்ணுயிர் ஒட்டிக்கொண்டு வரும். கோழிக்கு அதனால் பெரிய பாதிப்பு வராது, பார்க்க ஆரோக்கியமாகவே திரியும். வான்கோழி அதைப் பொறுக்கித் தின்றால் பிளாக்ஹெட் நோய் வரும். கந்தக மஞ்சளில் கழியும், சிறகு தொங்கும், ஈரலில் வட்ட வட்டமாகப் புண் விழும். கூட்டத்தில் பெரும்பகுதி போய்விடும், வந்த பிறகு காப்பாற்றுவது ரொம்பக் கஷ்டம். அந்தப் புழு முட்டை மண்ணில் வருடக்கணக்கில் சாகாமல் கிடக்கும், மண்புழுவின் வயிற்றிலும் இருக்கும். அதனால் கோழி அடைந்த பழைய அறையைச் சும்மா கூட்டிவிட்டு வான்கோழியை விடுவதும் ஆபத்து. மேல்மண்ணை வெட்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு போட்டுப் புதுமண் கொட்டித்தான் நாங்கள் ஆரம்பித்தோம். எங்கள் நாட்டுக்கோழிகள் வீட்டுப் பக்கம் தனியாக அடைகின்றன, கொறங்காட்டுப் பக்கம் அவற்றுக்கு வழியில்லை. சம்பாதிக்க வேண்டும் என்பதற்காக நோட்டீஸில் எதையும் போடக் கூடாது. கடன் வாங்கி வான்கோழி எடுக்கிற பெண்கள் அதைப் படித்துத்தான் நம்புகிறார்கள். பட்டறை முதலாளியிடம் இதை நேரில் சொன்னேன், கேட்டுக்கொண்டார். அடுத்த அச்சில் மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார், இன்னும் மாறவில்லை.

செய்து வாங்கலாமா என்றால், தடுப்பையும் கதவையும் தாராளமாக வாங்கலாம், அந்த வேலை அவர்களுக்குக் கை வந்த வேலை. கம்பு ஸ்டாண்டுக்குக் காலும் கவ்வியும் மட்டும் வாங்கிச் சட்டத்தை உள்ளூர் ஆசாரியிடம் இழைத்துக்கொள்ளுங்கள். தகரத் தட்டை எடுத்துவிடச் சொன்னால் விலையில் ஐந்தாயிரம் குறைப்பார்கள், எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு அப்படிக் குறைத்திருக்கிறார்கள். அந்தப் பணத்தில் கீழ்த் தகரத்தை மூன்றரை அடிக்கு உயர்த்திக் கேட்கலாம்.